ஆவரேஜ் எடுக்குது, அசையாதீங்க

தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் சேட்டிலைட்டுகளுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரே ஒரு மனிதரைத்தான் அடையாளம் தெரியும். அவர் எங்கள் சேட்டிலைட்டு மாமா. வேறு யாரும் இத்தனை வருஷமாக, வெயில் மழை பார்க்காமல், வலது கையைத் தூக்கிக்கொண்டு அவற்றின் கண்ணில் படும்படி நின்றதில்லை. கலெக்டரைத் தெரியாத சேட்டிலைட்டுக்கும் மாமாவைத் தெரியும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் அவருடைய எதிர்வீட்டுக்காரரே கையை விரிப்பார். வளைகுடாவில், பாலைவனத்தில் எண்ணெய்க் குழாய் பதிக்கிற ஒரு கம்பெனியில் சர்வே ஹெல்பராக இருந்தவர். கருங்கல் பக்கத்திலிருந்து கல்ஃபுக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது தங்கம் கொண்டுவருவார்கள், கம்பளி கொண்டுவருவார்கள், தலைவலித் தைலமாவது கொண்டுவருவார்கள். மாமா கொண்டுவந்தது கம்பெனி கழித்துப்போட்ட ஒரு கையடக்க ஜி.பி.எஸ். கருவி. மஞ்சள் நிறம், உள்ளங்கை அளவு, தலையில் ஒரு குட்டைக் கொம்பு. அதைப் பார்த்து மாமி சொன்னதை இங்கே எழுத முடியாது.

அந்தக் கருவியின் வேலை சின்ன வேலைதான். ஓரிடத்தில் நின்று பொத்தானை அமுக்கிப் பிடித்தால் அந்த இடத்தைத் தனக்குள் சேமித்துக்கொள்ளும். அதற்குப் பெயர் பாயிண்டு. பாயிண்டுக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடிக்க வேண்டும்; 'கருங்கல்' என்று ஆங்கிலத்தில் எழுதி முடிப்பதற்குள் ஒரு சாயா ஆறிவிடும். பிறகு உலகத்தில் எங்கே நின்றாலும் அந்த இடம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஓர் அம்புக்குறி காட்டும். ரோடு காட்டாது. நேர்கோடுதான். நடுவில் குளம் இருக்கிறதா, அடுத்தவன் மதில் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குக் கவலையில்லை, மாமாவுக்கும் இல்லை.

"போனுல மேப்பு இருக்கே மாமா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

"போனுக்கு டவரு வேணும் மக்கா. இதுக்கு மேல இருக்கியது போதும்" என்று வானத்தைக் காட்டினார். பக்கத்தில் நின்ற சபை மூப்பர் "ஆமென்" என்றார்.

சும்மா அமுக்கினால் பாயிண்டு கொஞ்சம் தள்ளி விழும். அமுக்கிவிட்டு அசையாமல் நின்றால் கருவி திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டு, சராசரி எடுத்து, மூன்று மீட்டருக்கு மேல் பிசகாமல் சுத்தமாகச் சொல்லும். இதைத்தான் மாமா 'ஆவரேஜ்' என்பார். ஆவரேஜ் எடுக்கும்போது தான் மட்டுமல்ல, சுற்றி நிற்கிறவர்களும் அசையக் கூடாது, பேசக் கூடாது என்பது அவருடைய சித்தாந்தம். இதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது. "ஆவரேஜ் எடுக்குது, அசையாதீங்க!" என்று ஒரு சத்தம் கேட்டால் எங்கள் குடும்பத்தில் சின்னப் பிள்ளைகள்கூட எடுத்த காலைக் கீழே வைக்காமல் நிற்கும்.

என் ஒன்றுவிட்ட பெரியப்பாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்கருகே கொண்டுவந்தாயிற்று. போதகர் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். மாமா குழியின் தலைமாட்டில் போய் நின்று கையைத் தூக்கினார்.

"பாஸ்டரே, ஒரு நிமிஷம். ஆவரேஜ் எடுக்குது, அசையாதீங்க."

போதகர் திறந்த வாயோடு நின்றார். பெட்டியைத் தோளில் தாங்கியவர்கள் நெற்றி நரம்பு புடைக்க நின்றார்கள். பெரியப்பா ஒருவர்தான் சிரமமில்லாமல் அசையாதிருந்தார். 'இது யாருக்க ஆளு?' என்று கூட்டத்தில் யாரோ கேட்க, எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அந்தக் குழியில் இன்னோர் ஆளுக்கு இடம் இருக்குமா என்று நான் பார்த்துக்கொண்டேன்.

இன்னொரு தடவை, எனக்குப் பெண் பேசி முடித்த புதிது. பெண் வீட்டாரோடு ஒரே வேனில் சேலை எடுக்கத் திருநெல்வேலி போனோம். ஆரல்வாய்மொழியில் சாயா குடிக்க இறங்கினால், மாமாவுக்கு அந்தச் சாயாக்கடையைச் சேமிக்க வேண்டும். பின்னால் ஒரு காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது. நேரே காவலாளியிடம் போனார்.

"ஓய், அதுக்க இறக்கைய ஒரு ரெண்டு நிமிஷம் நிறுத்தும். சிக்னல வெட்டி வெட்டி விடுகு."

"அது என்ன ஓய், உமக்க வீட்டு ஃபேனா?" என்றார் காவலாளி.

சம்பந்தி வீட்டார் கையில் கிளாஸோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் மட்டும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவள்தான் ஷீபா, இப்போது என் மனைவி. அன்று அவள் சிரித்ததால்தான் இந்தக் கல்யாணம் தேறும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. இருந்தாலும் திருநெல்வேலி போய்ச் சேரும்வரை என் காது மடல் சூடு தணியவில்லை. இந்தக் கட்டுரையில் வெட்கம் என்ற சொல் அடிக்கடி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மாமாவோடு சேர்ந்து போன இடத்திலெல்லாம் எனக்கு மிஞ்சியது அதுதான்.

இனி என் தங்கை ஜெனியின் கல்யாணத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு அழைப்பதை 'விளிப்பது' என்போம். கார்டைத் தபாலில் போட்டால் அது விளி ஆகாது. வாட்ஸப்பில் அனுப்பினால் சண்டைக்கு அழைத்ததாகக் கணக்கு. வீட்டு ஆள் நேரில் போய், உட்கார்ந்து, சாயா குடித்து, "குடும்பத்தோட வந்திரணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். என் கல்யாணத்தில் ஒரு பெரியம்மா வீடு விட்டுப்போயிற்று. அவர் ஆலயத்துக்கு வந்தார், தாலி கட்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார், பந்தியில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விளிக்காத வீட்டில் கை நனைக்க மாட்டாராம். அப்பா அவர் முன்னால் இலையருகே நின்று கெஞ்சியதை ஊரே பார்த்தது.

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரே தப்பை இரண்டு தடவை செய்கிறவர்களைப் பெஞ்சில் ஏற்றியவர். மகள் கல்யாணத்தில் ஒரு வீடும் விடக் கூடாது என்று தீர்மானித்தார். ஆனால் சொந்தக்காரர்கள் வீடெல்லாம் எங்கே இருக்கிறது? ரப்பர் தோட்டத்துக்குள், எங்கள் பேச்சில் விளைக்குள், ஒரு வண்டித்தடத்தின் முடிவில், இன்னொரு வண்டித்தடம் பிரிகிற இடத்துக்குக் கீழே. போனில் டவர் கிடையாது. மேப்பைப் பார்த்துப் போனால் கிணற்றங்கரையில் கொண்டு விட்டுவிட்டு, வந்துவிட்டோம் என்று வாழ்த்தும். அப்பா வேறு வழியில்லாமல், அவரே வெட்கப்பட்டுக்கொண்டு, மாமாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"அத்தான், ஒரு வீடு விடாம பாயிண்டு போட்டுத் தாறேன்" என்றார் மாமா. கல்ஃபிலிருந்து வந்த பிறகு அவருக்கு யாரும் ஒரு வேலை கொடுத்ததில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. கருவியில் இடமில்லை. பாலைவனத்துப் பாயிண்டுகளே அதை நிறைத்திருந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்துவிட்டு அழிக்கலாம் என்று, நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூட அலுவலகத்துக்கு ஒரு பழைய கேபிளோடு வந்து சேர்ந்தார். அந்தக் கேபிளின் முனை நுழைய எங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டையே இல்லை. தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மாமாவைச் சீக்கிரம் வெளியே அனுப்பினால் போதும் என்றிருந்தது எனக்கு.

"அடாப்டர் வாங்கினா ஏத்தலாம் மாமா. நாகர்கோவில்ல சொல்லி வைக்கணும், வர நாள் எடுக்கும்."

"அத்தான் இன்னைக்கே தொடங்கணும்னு நிக்காரே."

என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். மொத்தமாக அழிக்கிற வசதி அதில் உண்டு. அவர் அதைத் தொடவில்லை. "இது நாங்க சோறு வச்சித் தின்ன எடம் கேட்டியா. இது தண்ணி வண்டி வந்து நிக்கிய எடம். இங்கண ஒரு பாக்கிஸ்தானிக்கு பாம்பு கடிச்சிது, நான்தான் தூக்கிட்டு ஓடினேன்." கடைசியில் ஒரு பெயரில் நின்றார். அவர் பதினோரு வருஷம் தூங்கி எழுந்த கேம்ப். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போட்டும் மக்கா. அங்க இனி யாரு போகப் போறா? ஜெனிக்க கல்யாணமில்லா" என்று அமுக்கிவிட்டார். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்காக ஒரு பாலைவனத்தையே அழித்த மனிதர் அவர். அடாப்டர் அதற்குப் பிறகுதான் வந்தது.

அடுத்த நாட்களில் மாமா மொபெட்டில் கிளம்பி வீடு வீடாகப் பாயிண்டு போட்டார். பாயிண்டுகளைக் கருவியிலிருந்து கம்ப்யூட்டருக்கும், கம்ப்யூட்டரிலிருந்து என் போனுக்கும் மாற்றினோம். டவர் இல்லாமலும் வேலை செய்கிற ஒரு செயலியில் அவை சிவப்புக் கொடிகளாக வந்து விழுந்தன. மாமா தன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைப் பார்ப்பது போலப் பார்த்தார். கிழக்கே உள்ள வீடுகளை விளிக்க அப்பாவும் அம்மாவும், வழிகாட்ட மாமாவும் கருவியும். மேற்கே நானும் ஷீபாவும், என் போனும்.

முதல் இரண்டு வீடும் ரோட்டோரம். கொடி வாசலிலேயே விழுந்தது. மாமாவைப் பற்றி இத்தனை நாள் கேவலமாக நினைத்துவிட்டேனே என்று ஷீபாவிடம் சொன்னேன்.

மூன்றாவது கொடி, 'தங்கராஜ் வாத்தியார் வீடு', எங்களை ஒரு பெரிய பாறையின் மேல் ஏற்றியது. வந்துவிட்டோம் என்றது போன். பாறைமேல் ஓர் ஆடு நின்றது. ஷீபா பட்டுச்சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குங்குமச் சிமிழும் கற்கண்டுமில்லாத எங்கள் கிறிஸ்தவத் தட்டையும் கார்டையும் மறு கையில் வைத்துக்கொண்டு ஆட்டைப் பார்த்தாள்.

"விளிச்சிரவா?" என்றாள்.

பாறைக்குக் கீழே தெரிந்த வீட்டுக்குப் போனோம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். விளிக்கப் போன வீட்டில் 'நீங்க யாரு?' என்று கேட்பதைவிடப் பெரிய பாவம் எங்கள் ஊரில் கிடையாது. சொந்தக்காரரைத் தெரியாமல் வந்து நிற்கிறாயா என்று ஆகிவிடும். ஆகவே சிரித்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தோம். வீட்டுப் பெரியவர் வெளியே வந்தார். நெற்றியில் நெடுக வெள்ளை நாமம். சுவரில் அய்யா வைகுண்டரின் படம். எங்கள் கார்டில் சிலுவை. அப்பாவுக்கு அய்யாவழிச் சிநேகிதர்கள் உண்டு என்பதால் அப்போதும் நான் நம்பிக்கை இழக்கவில்லை. நான் "அப்பா விசாரிச்சாரு" என்றேன். அவர் "அப்பா சுகந்தானா?" என்றார். இருவரும் நன்றாகத்தான் நடித்தோம். சாயா வந்தது, ஏத்தங்காய் வறுவல் வந்தது. பிறகு அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக் கார்டின் உறையை வாய்விட்டுப் படித்தார்.

"தங்கராஜ் வாத்தியார்... அவருக்க வீடு அந்தாக்குல தெக்க, ரப்பருக்கு உள்ள இல்லா இருக்கு!"

நான் சாயாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "பரவாயில்ல மக்ளே. வீடு தேடி வந்து விளிச்சாச்சு. விளிச்சது விளிச்சதுதான். நாங்க வருவோம்" என்றார். ஷீபா அவர் பெயரைத் தயங்காமல் கேட்டு, புதுக் கார்டில் எழுதிக் கொடுத்தாள். நான் அவள் முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த கொடி ஒரு பெந்தெகொஸ்து வீட்டில். அங்கே கையிலிருந்த கார்டைப் பார்த்ததும், நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே முழங்கால் போட வைத்து, பெண்ணுக்காகவும் மாப்பிள்ளைக்காகவும் நீண்ட ஜெபம் செய்துவிட்டார்கள். ஆமென் சொன்ன பிறகு வீடு மாறிவிட்டது என்று எப்படிச் சொல்வது? அங்கேயும் ஒரு கார்டு.

மாமாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. போன் பக்கத்தில் இருந்தால் சேட்டிலைட்டுக்குக் குழப்பம் வரும் என்று அதை மொபெட் பெட்டியில் பூட்டி வைக்கிற ஆசாமி. ஆனால் விஷயம் எனக்கு மெல்ல விளங்கிவிட்டது. ரப்பர் மரத்தடியில் சிக்னல் கிட்டாது. மாமா வீட்டைப் பார்த்துவிட்டு, வானம் தெரிகிற இடம் தேடிப் போய், அங்கே நின்று அமுக்கியிருக்கிறார். அங்கிருந்து வீட்டுக்கு எப்படிப் போவது என்பது அவர் தலையில் இருக்கிறது. அப்பாவோடு போகும்போது 'இங்கேருந்து கீழ, நீலக் கேட்டு' என்று சொல்லிவிடுவார். என் போனுக்குப் பாயிண்டு மட்டும்தான் வந்தது. கீழேயும் நீலக் கேட்டும் கேபிள் வழியாக வரவில்லை.

கடைசிக் கொடி 'ஓவர்சியர் வீடு'. நான் பார்த்த கொடிகளிலேயே இது சுத்தமானது. ஒரு வீட்டின் முற்றத்தில், நட்டநடுவில் விழுந்திருந்தது. முற்றத்தில் மரமில்லை, நிழலில்லை, வெயில் கொட்டியது. இதில் தவறு வர வழியே இல்லை என்றேன். தைரியமாகக் கதவைத் தட்டினேன்.

திறந்தவருக்கு அப்பாவின் முகம்.

என் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. அவரை நான் கடைசியாகப் பக்கத்தில் பார்த்தது பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது. குடும்ப வீடு சித்தப்பாவின் பங்கு, பக்கத்து விளை அப்பாவின் பங்கு. இரண்டுக்கும் நடுவே தாத்தா வைத்த ஓர் அயனிமரம் நின்றது. காற்றில் வீட்டின் மேல் விழுந்துவிடும் என்று பயந்து சித்தப்பா ஒரு நாள் அதை வெட்டினார், அண்ணனிடம் கேட்கவில்லை. அந்த மண்ணை இனி மிதிக்க மாட்டேன் என்று அப்பா சபதம் போட்டார். தன் பங்கு விளையையும் விற்றுவிட்டார். மரம் போய், புது ரோடு வந்து, பின்பக்க வழியாக நுழைந்ததில் எனக்கு இடமே புரியவில்லை.

சித்தப்பா என்னைப் பார்த்தார், கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"அண்ணன் அனுப்பினானா மக்கா?"

எத்தனையோ வீட்டில் அன்று பொய்யாகச் சிரித்தாயிற்று. இங்கே அதுவும் வரவில்லை. அவர் எங்களை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, தானே அடுப்படிக்குப் போய்ச் சாயா போட்டார். சுவரில் சித்தி போட்டோவில் இருந்தாள், கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பு. சித்தி இறந்தபோது அப்பா போகவில்லை, எங்களையும் விடவில்லை. அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் எனக்கு நாற்காலி போட்டிருந்தார். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கத்தோடு நான் ஒரு சாயா குடித்ததில்லை. மாமா தந்த வெட்கமெல்லாம் காது சுடுகிற வெட்கம். இது எங்கள் வீட்டுக்குச் சொந்தமானது, நெஞ்சில் உட்கார்ந்தது.

சித்தப்பா கார்டுக்குக் கை நீட்டினார். உறையில் ஓவர்சியர் பெயர். ஷீபா அதைப் பைக்குள் தள்ளிவிட்டு, பெயர் எழுதாத ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"கார்டுல பேரு எழுதல்ல மாமா. வீட்டு ஆளுக்கு யாராவது பேரு எழுதுவாளா?"

அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "உனக்க சித்தி இருந்தா இப்பமே சேலைய மாத்திட்டு நிப்பா" என்றார்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. "நான் விளிக்கல்ல. மிஷின் விளிச்சிருக்கு" என்றார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடியது. சித்தப்பா நம்பி வந்து பந்தலில் நிற்பார். அப்பா முகத்தைத் திருப்புவார். ஜெனியின் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால், மனைவியை இழந்த அந்த மனிதர் தனியாகத் திரும்பிப் போவார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா கருவியோடு சந்தோஷமாக உள்ளே வந்தார், ராச்சாப்பாட்டுக்கு. அப்பா சேர்த்து வைத்ததையெல்லாம் அவர் மேல் கொட்டினார். கிறுக்கன், கோமாளி, உன்னை நம்பினேன் பாரு. மாமா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பாயிண்டை ஊரெல்லாம் தப்புத் தப்பா போட்டு வச்சிருக்கான்" என்றபோதுதான் நிமிர்ந்தார்.

"அத்தான், என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. பாயிண்டு தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க. மூணு மீட்டரு!"

"ஓவர்சியர் வீட்டுக்கும் அவனுக்க வீட்டுக்கும் மூணு மீட்டராலே?"

"நான் நின்ன எடம் மூணு மீட்டர் சுத்தம். அந்தப் பக்கத்துல அங்கண மட்டுந்தான் வானம் தெரியுகு. அந்தாளு குடிக்க வெள்ளமும் தந்தாரு."

"அது யாருக்க வீடுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உங்களுக்க தம்பி. அதுக்கு? சேட்டிலைட்டுக்குச் சண்ட தெரியுமா?"

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

"நாளைக்கு வாங்க. நேர்ல காட்டுகேன். மூணு மீட்டருக்கு மேல ஒரு சாண் இருந்தா, இந்த மிஷின நான் குளத்துல எறிஞ்சிருகேன்" என்றார் மாமா. கண் கலங்கியிருந்தது. கணக்கில் சவால் விட்டால் அப்பாவால் தாங்க முடியாது. மறுநாள் காலை மூவரும் காரில் போனோம். நான் இறங்க மாட்டேன் என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மாமா முற்றத்தில் போய் நின்று கையைத் தூக்கினார். "அத்தான், அங்கேருந்து தெரியாது. வந்து ஸ்கிரீனப் பாருங்க."

அப்பா ஒரு காலை வெளியே வைத்தார். பிறகு மறு கால். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வீட்டின் பக்கம் பார்க்காமல், நேரே மாமாவிடம் நடந்து போய்க் கருவிக்கு மேல் குனிந்தார். நானும் குனிந்தேன். நாலாவதாக ஒரு தலை வந்து குனிந்தது.

"எத்தன மீட்டரு?" என்றார் சித்தப்பா.

"மூணு" என்றார் அப்பா, அவரைப் பார்க்காமல்.

"நான் சொன்னேம்லா?" என்றார் மாமா. "இப்பம் திரும்ப ஒண்ணு போட்டுக் காட்டுகேன். ஆவரேஜ் எடுக்குது, அசையாதீங்க!"

பழக்க தோஷம், நாங்கள் நின்றுவிட்டோம். அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் உரச, அத்தனை வருஷத்துக்குப் பிறகு, ஒரு மஞ்சள் டப்பாவைப் பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார்கள். திறந்திருந்த கதவு வழியே சித்தியின் படத்துக் கீழே பல்பு எரிவது தெரிந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"அவளுக்கு நான் வந்திருக்கணும் லே" என்றார். "வெக்கக்கேடு. நான் வந்திருக்கணும்."

சித்தப்பா அண்ணன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேசாம நில்லுங்க அத்தான், பாயிண்டு ஆடுகு" என்றார் மாமா.

அப்பா பேசாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வானத்தை அண்ணாந்து பார்த்தார், அயனிமரம் நின்ற இடத்தில். "அது நின்னுருந்தா இவனுக்கு சிக்னலு ஒண்ணும் கிட்டியிருக்காது" என்றார். "நல்ல வெளிச்சமாத்தான் இருக்கு."

கல்யாணத்துக்குச் சித்தப்பா முந்தின நாளே வந்துவிட்டார். வாசலில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாரையும் வரவேற்றார். நாமம் தரித்த பெரியவர் குடும்பத்தோடு வந்து மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டார். அவர் யார் என்று இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பெந்தெகொஸ்துக்காரர்கள் பந்தியில் ஜெபித்தார்கள். தங்கராஜ் வாத்தியாரையும் ஓவர்சியரையும் விட்டுப்போன மற்றவர்களையும் அப்பாவே தேடிப் போய் விளித்திருந்தார். தாலி கட்டும் நேரத்தில் மாமா ஆலயத்து முற்றத்தில், கொளுத்துகிற வெயிலில், புதுச் சட்டை வேர்வையில் ஒட்ட, கையைத் தூக்கி நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அழித்த பாலைவனத்தின் இடத்தில் ஜெனியின் கல்யாணத்தைச் சேமித்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் தனியாக வீடு கட்டிக் குடிவந்துவிட்டேன். மாமா மாதம் ஒரு தடவை வருவார். வழி நன்றாகத் தெரியும், ஆனாலும் முற்றத்தில் நின்று பாயிண்டைச் சரிபார்க்காமல் படியேற மாட்டார். எதிர்மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். என் காது இன்னும் சுடத்தான் செய்கிறது. போன தடவை முற்றத்துப் பலாமரம் தழைத்துவிட்டதால் சிக்னல் வரவில்லை. வெகுநேரம் நின்றார், தோள் வலித்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். தலையெல்லாம் வெளுத்துப்போனதை அப்போதுதான் கவனித்தேன்.

மறுநாள் ஆள் கூப்பிட்டு, வாசலுக்கு மேலே கவிந்த கிளையை வெட்டச் சொன்னேன். நன்றாகக் காய்க்கிற கிளையாயிற்றே, எதற்கு என்றாள் ஷீபா. மாமா வந்து நின்றால் கொஞ்சம் வானம் வேண்டுமே என்றேன்.